பயப்படாதே என்று சொல்லாதவர்

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு என்ன இடி விழுந்தாலும் வாயில் முதலில் வருவது "பயப்பிடாதேங்கோ" என்பதுதான். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்கும் சொல்லுவோம், விசா மறுத்துக் கடிதம் வந்தவருக்கும் சொல்லுவோம். கோயிலில் ஐயர் சொல்லுவார், மரக்கறிக் கடையில் வரிசையில் நிற்கிற அன்ரி சொல்லுவா. சொல்லுகிறவருக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. ஆனாலும் அதைக் கேட்டால் அன்றைக்கு ஒரு பிடி சோறு இறங்கும்.

இந்த நாட்டில் நான் பழகிய ஆட்களில் அந்தச் சொல்லை ஒருநாளும் எனக்குச் சொல்லாத ஒருவர் இருந்தார். இன்றைக்கு அவர் நீதிபதி. பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவரை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயம்தான். அவர் கெட்டவர் இல்லை. நான் கும்பிடுகிற முருகன் சாட்சியாகச் சொல்லுகிறேன், கெட்டவர் இல்லவே இல்லை.

நான் அறிந்த காலத்தில் அவர் சட்ட உதவி லோயர். கையில் காசில்லாத ஆட்களுக்கு அரசாங்கச் செலவில் வழக்குப் பேசுகிற சின்ன அலுவலகம் ஒன்று, சென் ஜேம்ஸ் ரவுண் என்கிற மாடிக் கட்டடப் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. கீழே உடுப்புத் தோய்க்கிற கடை, மேலே அவர்கள். அவர் வெள்ளைக்காரப் பெண். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். ஆம்பிளைகள் போடுகிற மாதிரிப் பெரிய பனிச் சப்பாத்து, முதுகில் ஒரு பை. மேசையில் படமோ பூவோ கிடையாது. மூக்குத் துடைக்கிற கடதாசிப் பெட்டி ஒன்று மட்டும் இருந்தது, அதுவும் நாங்கள் இருக்கிற பக்கத்தில். வந்தவர்கள் அழுவார்கள் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

நான் அவரிடம் போக நேர்ந்தது ஒரு தைப்பொங்கலால்.

என் மகன் நிரோஜனுக்கு அப்போது ஒன்பது மாதம். பிள்ளை பிறந்து வந்த முதல் பொங்கல், சூரியனைப் பார்த்துத்தான் பொங்கவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். பதினேழாம் மாடிப் பல்கணியில் சின்ன காஸ் அடுப்பை வைத்தோம். தை மாதக் காற்று அடுப்பை நிற்கவிடவில்லை. இவர், அதாவது என் கணவர், ஒரு மட்டைப் பெட்டியை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். மட்டையில் நெருப்புப் பிடித்துவிட்டது. இவர் பதறிக் கீழே போட, அது பல்கணியில் கிடந்த பழைய மெத்தையில் விழுந்தது. புகையைக் கண்டு யாரோ ரெலிபோன் எடுக்க, மூன்று தீயணைப்பு வண்டிகள் வந்தன. முழுக் கட்டடமும் போர்வையோடு படியால் இறங்கிப் பனிக்குள் நின்றது. பால் பொங்கியதா இல்லையா என்றுகூட நான் பார்க்கவில்லை.

ஒரு கிழமைக்குள் கடிதம் வந்தது, வீட்டைவிட்டு எழும்பச் சொல்லி.

கடிதத்தோடு அவர் முன்னால் போய் இருந்தோம். எங்களுக்கு ஆங்கிலம் போதாது என்று அலுவலகத்தில் ஒரு தமிழ் அண்ணை மொழிபெயர்க்க இருந்தார். ஊரில் தபாலதிபராக இருந்தவர், இளகின மனம். லோயர் அம்மா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னார். அண்ணையின் முகம் கறுத்தது. எங்கள் பக்கம் திரும்பி, "பயப்பிடாதேங்கோ தங்கச்சி. அம்மா எல்லாம் பாப்பா" என்றார்.

லோயர் அம்மா மேசையில் கையை வைத்தார். அண்ணையிடம் ஆங்கிலத்தில் இரண்டு வரி சொன்னார். அண்ணைக்குக் காது சிவந்துவிட்டது.

"என்னவாம் அண்ணை?" என்று இவர் கேட்டார்.

"பயப்பிடாதேங்கோ எண்ட சொல்லு அவவுக்குத் தெரியுமாம். இந்த அறைக்குள்ள நூறு தரம் கேட்டவவாம். தான் அதைச் சொல்லேல்லையாம். தான் சொன்னதை மட்டும் சொல்லட்டாம்."

அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல் அதுதான். அதையும் தடுப்பதற்கென்றே பழகி வைத்திருந்தார்.

அண்ணை தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினார். இதிலிருந்து அந்த அம்மா சொன்னதையெல்லாம் எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன். என் காதுக்கு அது அப்படித்தான் வந்து சேர்ந்தது.

"கெட்டதை முதல்ல சொல்லுறாவாம். வழக்குத் தோத்தா மாசி முடியிறதுக்குள்ள வெளியில விடுவினமாம். ஆள் வந்து பூட்டை மாத்துமாம். குழந்தை இருக்கெண்டு பாக்கமாட்டினமாம். அப்பிடி நடந்தா அண்டைக்கு இரவு எங்க படுப்பியள் எண்டு கேக்கிறா."

நான் அழத் தொடங்கினேன். அந்த அம்மா ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழும்பியும் போகவில்லை. பேனையைப் பிடித்தபடி பதிலுக்காகக் காத்திருந்தார். கடைசியில் இவர்தான், "மிசிசாகாவில என்ர மச்சான் இருக்கிறார்" என்றார்.

"அவர் ஓம் எண்டு சொல்லிப்போட்டாரோ?"

"இன்னும் கேக்கேல்லை."

"இண்டைக்குக் கேளுங்கோ. கேட்டுப்போட்டு நாளைக்கு வந்து சொல்லுங்கோ. பிறகு வழக்கைப் பாப்பம்."

நெருப்புப் பயத்தோடு போனவள் தெருவில் நிற்கிற பயத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வந்தேன். ஆனால் அன்று பின்னேரமே மச்சானோடு பேசினோம். அவர் ஓம் என்றார். அன்றிரவு நான் நித்திரை கொண்டேன். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

விசாரணைக்கு முன்னால் கட்டடத்தில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். "ஆரோ மேல்மாடியில இருந்து சிகரெட்டை எறிஞ்சது எண்டு சொல்லுங்கோ" என்றார் ஒருவர். லோயர் அம்மாவிடம் இவர் அதை மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கண்மடல் இரண்டையும் விரலால் அழுத்தினார். கோபம் வந்தாலும் கவலை வந்தாலும் அவருக்கு அது ஒன்றுதான் செய்கை. "வேற லோயரைப் பாருங்கோ எண்டு சொல்லுறா" என்றார் அண்ணை. அதோடு அந்தக் கதை முடிந்தது.

விசாரணை நாளில் வீட்டுக்காரனின் லோயர் தடித்த கோப்பு ஒன்றோடு வந்திருந்தார். முழுக்க எரிந்த மெத்தையின் படங்கள். எங்கள் லோயர் அம்மா எழும்பிச் சொன்ன முதல் வசனம் இது: "என் கட்சிக்காரர் பதினேழாம் மாடிப் பல்கணியில் நெருப்பு மூட்டினார்."

நான் இவருடைய கையைப் பிராண்டிவிட்டேன். எங்கள் பக்கம் பேச வந்தவரே எங்களைக் காட்டிக்கொடுக்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் மற்ற லோயருக்கு நிரூபிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. கோப்பைத் திறக்காமலே வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா பிறகு பொங்கல் என்றால் என்ன என்று சொன்னார். பாதி பிழையாகத்தான் சொன்னார். சூரியனுக்கு நன்றி சொல்லி அரிசி சமைக்கிற நாள் என்றார், இந்த நகரத்தில் தை மாதத்தில் சூரியனை நம்புகிற ஆட்கள் இவர்கள்தான் என்றார். தீர்ப்புச் சொல்ல இருந்தவர் சிரித்துவிட்டார். இனிப் பல்கணியில் அடுப்பு வைப்பதில்லை என்று எழுதிக்கொடுத்து வீட்டில் இருந்தோம்.

வெளியில் வந்து நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சொன்னார்: "இன்னொருக்கா மூட்டினா என்னால ஏலாது."

கட்டடத்தில் அவருக்குக் கரிநாக்கு லோயர் என்று பெயர். ஒன்பதாம் மாடியில் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய புருஷனின் அகதி வழக்கு மேன்முறையீட்டில் இருந்தபோது, திருப்பி அனுப்புவார்கள் என்றுதான் தான் நினைப்பதாக அந்த அம்மா சொல்லியிருந்தார். அப்படியே அனுப்பிவிட்டார்கள். "அவ வாய் வைச்சதாலதான் போனது. அவவின்ர நாக்கில கரி" என்று அவள் மிளகாயும் உப்பும் சுற்றி எரித்தாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த அலுவலகத்துக்குப் போகிற நாட்களில் திருநீற்றை வழமையைவிடத் தடிப்பாகப் பூசிக்கொண்டு போவேன்.

ஒருநாள் துணிந்து, அண்ணையிடம் கேட்கச் சொன்னேன், ஏன் இவ இப்படி என்று. அண்ணை தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்தினார். வடக்கே தூரத்தில் ஒரு சுரங்க ஊர்தான் அவர் பிறந்த இடம். சின்ன வயதில் ஒருநாள் சுரங்கம் இடிந்து தகப்பன் உள்ளே அகப்பட்டுவிட்டார். கொம்பனி ஆட்கள், பாதிரியார், அயலட்டை என்று வீட்டுக்கு வந்த எல்லாரும் ஒன்றுக்கும் பயப்படவேண்டாம் என்றார்களாம். ஆள் முதல் நாளே முடிந்துபோனது அவர்களில் சிலருக்குத் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை.

"மூண்டாம் நாளும் அவவின்ர அம்மா அப்பாவுக்குச் சாப்பாடு போட்டு மூடி வைச்சவவாம்" என்றார் அண்ணை. அன்றைக்கு அண்ணை தன்பாட்டில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

சில வருடம் கழித்து அவர் அந்த அலுவலகத்தை விட்டார். கோட்டில் லோயர் இல்லாமல் வந்து நிற்கிற ஆட்களுக்காகப் பேசுகிற வேலைக்குப் போனார், அங்கிருந்து நீதிபதியாக நியமனம் கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் பழைய ஆட்கள் சேர்ந்து வடையும் கேக்கும் கொண்டுபோனோம். ஒன்பதாம் மாடிக்காரியும் வந்தாள். அவர் வடையைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "இனி என்னைக் கோட்டில கண்டா சந்தோசப்படாதேங்கோ." அண்ணை மொழிபெயர்க்க எல்லாரும் சிரித்தோம். கோட்டுப்படி மிதிக்க யாருக்கு ஆசை என்று நினைத்துச் சிரித்தோம்.

பிறகு நாங்கள் ஸ்காபரோவில் ஒரு சின்ன வீடு எடுத்துப் போய்விட்டோம். நிரோஜன் வளர்ந்தான், படித்தான், வேலைக்குப் போனான். இருபத்துநான்கு வயதில், ஒரு பின்னேரம் கார் ஓட்டிக்கொண்டு ரெலிபோனைப் பார்த்தான். சிவப்பு விளக்கைக் காணவில்லை. தெருவைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை அடித்துவிட்டான். சீனத்துப் பெண், எழுபது வயதுக்குக் கிட்ட. இடுப்பெலும்பும் காலும் முறிந்தன. உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே கோயிலுக்கு ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தேன்.

ஆபத்தான விதமாக ஓட்டிக் காயப்படுத்தியது என்று வழக்கு. குற்றத்தை ஒத்துக்கொள்வது என்று முடிவாகியது. இனித் தெரியவேண்டியது ஒன்றுதான்: அவனை மறியலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்புவார்களா, இல்லை வீட்டுக் காவல் தருவார்களா. அரசாங்கத்து லோயர் ஆறு மாத மறியல் கேட்டார். எங்கள் லோயர் ஒரு தமிழ்ப் பெடியன், நல்ல பிள்ளை. வாரம் ஒருக்கால் ரெலிபோனில் சொல்லுவார், "பயப்பிடாதேங்கோ அன்ரி, வீட்டுக்காவல்தான் வரும்." எனக்கு அதுவே மருந்து.

ஒருநாள் அவர் சொன்னார், "அன்ரி, ஜட்ஜ் ஆரெண்டு தெரிஞ்சிட்டுது. சட்ட உதவியில இருந்து வந்தவ. கடுமை, ஆனா நீதியான ஆள்." பெயரையும் சொன்னார்.

எங்கள் பழைய லோயர் அம்மாவேதான்; வீட்டைக் காத்தவர் பிள்ளையையும் காப்பார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. முருகா, இத்தனை நீதிபதிகள் இருக்கிற ஊரில் இவரையே அனுப்பினாயா என்று சுவாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். அவரை எனக்குத் தெரியும் என்று லோயரிடம் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. நல்லது கைக்கு வருமுன் வாயால் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். இவருக்கு மட்டும் சொன்னேன். "வாயைத் திறவாதை" என்றார் இவரும்.

வழக்குக்கு இரண்டு நாள் முன்னர் கோயிலுக்குப் போய் அந்த அம்மாவின் பெயரில் அர்ச்சனை செய்தேன்.

"நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

"தெரியாது ஐயா. வெள்ளைக்காரி."

"அதுக்கென்ன? முருகன் பாஸ்போட் பாக்கிறேல்லை" என்று மணியை எடுத்தார்.

அடுத்த நாள் காலையில் பிரசாதத்தைக் கொண்டு கோட்டுக்குப் போனேன். வாழைப்பழத்தையும் பூவையும் வாசலில் சோதிக்கிறவர்கள் விடமாட்டார்கள் என்று நினைத்து அவற்றை வீட்டில் வைத்துவிட்டு, திருநீற்றை மட்டும் ஒரு கடித உறைக்குள் போட்டிருந்தேன். கூடவே ஒரு வாழ்த்து மட்டை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன்: அம்மா, நன்றி, கடவுள் காப்பார், பதினேழாம் மாடி பொங்கல். கீழே என் பெயர், மகனின் பெயர், எங்கள் ரெலிபோன் நம்பர். உறையை ஒட்டி, நீதிபதி அம்மாவுக்கு என்று, கடிதம் வாங்குகிற கருமபீடத்தில் இருந்த பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டு வாங்கினாள்.

இதில் என்ன பிழை என்று அந்த நேரம் என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது. மனம் நிறைந்து வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

மத்தியானம் கதவில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். ஒருவர் கேட்டது எனக்கு விளங்கியது: "நீதிபதிக்கு வெள்ளைத் தூள் அனுப்பியது நீங்களா?"

சுவரைப் பிடித்துக்கொண்டேன். மகன் மேலிருந்து ஓடி வந்தான். உறையைத் திறந்தவுடன் அந்த மாடி முழுவதையும் பூட்டி, ஆட்களை வெளியில் குளிருக்குள் விட்டார்களாம். நஞ்சு என்று நினைத்திருக்கிறார்கள். மகன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

"அம்மா! உண்மையா செய்தனிங்களா? வட் வேர் யூ திங்கிங்?"

"திருநீறடா. அர்ச்சனைத் திருநீறு."

அவன் பொலிஸுக்குத் திரும்பி, "ஒஃபிசர், இற்ஸ் ஜஸ்ற் ஆஷ். ஹோலி ஆஷ். ஃப்ரம் கவ்... கவ் டங்" என்றான்.

"ஃப்ரம் வட்?" என்றார் பொலிஸ்காரர்.

அப்போது இவர் சுவாமி அறைக்குள் போய்த் திருநீற்றுச் சட்டியோடு வந்தார். மூன்று விரலால் எடுத்து நெற்றியில் பூசினார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டு விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து பொலிஸுக்குக் காட்டினார். இளைய பொலிஸ்காரர் சிரிப்பை அடக்க முகட்டைப் பார்த்தார். மூத்தவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இனி இப்படிச் செய்தால் பிடித்துக்கொண்டு போவோம் என்று சொல்லிப் போனார்.

மறுநாள் கோட்டில் எங்கள் லோயர் என்னைக் கண்டதும், "அன்ரி, என்ன வேலை பாத்தியள்! என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார். அன்றைக்கு அவர் பயப்படாதே என்று சொல்லவில்லை.

எல்லாரும் எழும்பினோம். அவர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கறுப்பு அங்கிக்கு மேல் சிவப்புப் பட்டி. என் பக்கத்தில் கோட்டுக்காரர் தந்த மொழிபெயர்ப்புப் பிள்ளை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நேற்று எனக்கு வந்த கடித உறையிலிருந்து வெள்ளைத் தூள் என்ர கையில கொட்டிட்டுது. அது என்னெண்டு தெரியிறவரைக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஒரு அறையில தனிய இருந்தனான். நான் பயந்துபோனன். அதை ஏன் சொல்லுறன் எண்டா, இந்த வழக்கில இருக்கிற எல்லாருக்கும் அது தெரிஞ்சிருக்கவேணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மனுஷிக்கு நான் பயத்தைக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒரு வீட்டைக் காப்பாற்றித் தந்தவருக்கு.

அரசாங்கத்து லோயர் எழும்ப, அவர் கையால் மறித்தார். "தீங்கு நினைச்சுச் செய்தது இல்லை எண்டு பொலிஸ் முடிச்சிட்டுது. நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். ஆனா மட்டையில குற்றம் சாட்டப்பட்டவரின்ர பெயர் இருக்கு. பல வருசத்துக்கு முந்தி இந்தக் குடும்பத்துக்கு நான் லோயரா இருந்தனான். உறை வராட்டிலும், பெயரைக் கண்டு அடையாளம் தெரிஞ்ச உடன நான் விலகியிருப்பன். இந்த வழக்கை நான் கேக்க ஏலாது."

பிறகு நிரோஜனைப் பார்த்துச் சொன்னார்: "மூண்டு கிழமையால வேற நீதிபதி கேப்பார். அவர் உங்களைச் சிறைக்கு அனுப்பலாம். அதுக்கு ஆயத்தமா வாங்கோ."

எழும்பிப் போய்விட்டார். என் பக்கம் ஒருமுறையும் பார்க்கவில்லை.

அந்த மூன்று கிழமையில் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்ததே தவிர ஒருவரும் ருசித்துச் சாப்பிடவில்லை. நம்பியிருந்த கொம்பு முறிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை, குசினியில் அவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை மாதமாக நான் கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

"மறியலுக்கு அனுப்பினா என்னடா செய்வாய்?"

"டோன்ற், அம்மா."

"சொல்லடா. அண்டைக்கு இரவு என்ன செய்வாய்?"

கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு அதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்று சொன்னான். "அம்மா, அவ விழேக்க ஒரு சத்தம் வந்தது. பையில இருந்த தோடம்பழம் எல்லாம் ரோட்டில உருண்டுது. நான் காரை நிப்பாட்டினனான். நிப்பாட்டிப்போட்டு முதல் என்ர ஃபோனைத் தேடினனான். சீற்றுக்குக் கீழ விழுந்திட்டுது. குனிஞ்சு அதைத் தேடினனான் அம்மா. அவவைப் பாக்கேல்லை. பிறகுதான் இறங்கினனான்."

நான் பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்தேன்.

"ஆருக்கும் தெரியாது" என்றான். "கோட்டில சொல்லவேணும் போல இருக்கு."

லோயருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் துடித்துப்போனார். "அன்ரி, ஒருத்தரும் கேக்காத விசயம் உது. சொன்னா மறியல் நிச்சயம் எண்டு வையுங்கோ. பிள்ளைக்கு நீங்களாவது சொல்லுங்கோ."

அவனும் என்னைத்தான் பார்த்தான். வேண்டாம் என்று நான் சொன்னால் நின்றிருப்பான். இரண்டு நாள் சுவாமி அறையில் இருந்தேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடினால், தட்டில் சோறு போட்டு மூடி வைத்த ஒரு தாயின் கைதான் தெரிந்தது. மூன்றாம் நாள் அவனிடம், "சொல்லு" என்றேன். சொன்ன நிமிடமே திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேனா என்று இருந்தது.

புதிய நீதிபதி வயதான மனிதர், மெல்லிய குரல். அந்தச் சீனத்துப் பெண் தன் மகளோடு, நாலு கால் தடியோடு வந்திருந்தா. நிரோஜன் எழும்பி அவவைப் பார்த்தே சொன்னான், ஃபோனைத் தேடியதையும் சேர்த்து. மகள் தாயின் காதில் மொழிபெயர்த்தாள். அந்தச் சீனத்து அம்மா கேட்டுவிட்டுத் தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தா. மன்னித்தாவா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

நாலு மாதம் மறியல். வண்டி ஓட்டத் தடை.

அவன் அதைச் சொன்னதால் ஆறு நாலாகக் குறைந்ததா, இல்லை வீட்டோடு போகவேண்டியது மறியலாகக் கூடியதா என்று லோயரிடம் கேட்டேன். "தெரியாது அன்ரி" என்றார். நான் "சொல்லு" என்றது என் பிள்ளையைக் காப்பாற்றியதா, உள்ளே தள்ளியதா என்று இதை எழுதுகிற நேரமும் எனக்குத் தெரியாது. அவன் இன்னும் வரவில்லை. ரெலிபோன் அடித்தால் எனக்கு உயிர் போய் வருகிறது.

அன்று அவனைப் பக்கக் கதவால் கூட்டிக்கொண்டு போன பிறகு நாங்கள் இருவரும் வெளியில் வந்தோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரீட்கார் என்கிற தெரு ரயிலின் தரிப்பில் எங்கள் நீதிபதி அம்மா நின்றார். அங்கி இல்லை, முதுகில் பை, பெரிய சப்பாத்து. எங்களைக் கண்டார். கண்டதும் அவருடைய கண் எங்களுக்குப் பின்னால் போனது. மூன்றாவது ஆள் வருகிறானா என்று தெரு முனைவரை தேடியது. ஒருவரும் வரவில்லை.

இவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கை எழும்பவில்லை. அவர் எங்கள் பக்கம் ஓரடி வைத்தார், வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த அந்த ஒரே தமிழ்ச்சொல் வரப்போகிறதோ என்று பார்த்தேன். சொல்லாமல் நின்றுவிட்டார்.

ஸ்ட்ரீட்கார் வந்தது. நாங்கள் ஏறினோம். அவர் ஏறவில்லை. கதவு மூடியதும் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை மறந்துபோன ஆளைப்போல, தலையில் பனி விழ விழ, வைத்த அடியைப் பின்னால் எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.